டிக்கிக்குள் மடங்கும் சைக்கிள்

விளம்பரத்தில் எல்லா மடக்கு சைக்கிளும் பத்து நொடியில் மடங்கிவிடும். பளிங்குத் தரை, ஏசி அறை, நூறு தடவை ஒத்திகை பார்த்த கை. முகாம் போட்ட இடத்தில் கதையே வேறு. கூடாரத்தைச் சுருட்டும்போதுதான் மழை தூறும், பிள்ளை ஒற்றைச் செருப்பைக் காணோம் என்று அழும், செயினில் ஒட்டிய சேறு பேன்ட்டில் ஏறும். மடக்க ஒரு நிமிடம் ஆகும், சில சமயம் இரண்டு. அதனால் யாருக்கும் குடிமுழுகிப் போவதில்லை. எனவே மடங்கும் வேகத்தைப் பார்த்து இந்த வண்டியை வாங்காதீர்கள். எவ்வளவு சிறிதாக மடங்குகிறது என்பதைப் பார்த்தும் வாங்காதீர்கள். இந்த இரண்டாவது பேச்சுக்குக் கடைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், ஆகவே அதைக் கொஞ்சம் விளக்கியே சொல்கிறேன்.

சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் இப்போது கார் டிக்கியில் கூடாரம் வைத்திருக்கும் வீடுகள் பெருகிவிட்டன. ஒரகடம், மறைமலை நகர், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் ஷிப்டு பார்க்கிற குடும்பங்கள். வார லீவு ஞாயிற்றுக்கிழமையில்தான் வரும் என்று இல்லை. புதன்கிழமை லீவு வந்தால் ஊரே வேலைக்குப் போயிருக்கும்போது இவர்கள் ஏரிக்கரையில் டீ போட்டுக்கொண்டிருப்பார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதனால் இந்த விமர்சனம் கீல் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முகாமில் சைக்கிள் எதற்கு? காரை ஓரிடத்தில் நிறுத்தினால் மறுநாள் கிளம்பும்வரை அதைத் தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். பால் வாங்க, ஊர்க் கடையில் தீப்பெட்டி வாங்க, விடிகாலையில் ஏரியைச் சுற்ற, எல்லாவற்றுக்கும் சைக்கிள். வேடந்தாங்கலை எடுத்துக்கொள்ளுங்கள். சரணாலயத்துக்குள் கூடாரம் போட முடியாது, போடவும் கூடாது. பக்கத்தில் தனியார் தோப்பில் தங்கிவிட்டு அங்கிருந்து கரிக்கிலிக்கு மிதிக்கலாம். இரண்டும் 2022-ல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த பறவை ஏரிகள், இடையில் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. வழியெல்லாம் வயல். காரில் போனால் ஹாரன் சத்தத்துக்குக் கொக்கு எழும்பிவிடும். சைக்கிளில் போனால் அது தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி மீனைப் பார்க்கும்.

சாதாரண சைக்கிளையே காருக்குப் பின்னால் கம்பிச் சட்டத்தில் மாட்டிக்கொண்டு போகலாமே என்று கேட்கலாம். போகலாம். ஆனால் நம்பர் பிளேட்டை மறைக்காமல் மாட்ட வேண்டும், டிக்கியைத் திறக்க ஒவ்வொரு தடவையும் கழற்ற வேண்டும், ஜிஎஸ்டி ரோட்டில் பின்னால் உரசுவதுபோல வருகிற வேனை நினைத்துக்கொண்டே ஓட்ட வேண்டும். சட்டத்தின் விலைக்கு மேலே இவ்வளவு மனக்கவலை. எங்களுடையது சின்ன கார். இரண்டு மடக்கு சைக்கிள், ஒரு கூடாரம், மூன்று பாய், அடுப்பு, தண்ணீர் கேன் என்று கணக்குப் போட்டால் பின்சீட்டில் பாதியை மடக்கித்தான் ஆக வேண்டும். பிள்ளைக்கு மீதிப் பாதி.

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். 20 அங்குலச் சக்கர வண்டி மடங்கினால் சுமாராக 80 சென்டிமீட்டர் நீளம், 65 உயரம், 35 முதல் 40 அகலம் வரும். அந்த அளவுக்கு அட்டைப்பெட்டி ஒன்றை வெட்டி ஒட்டி உங்கள் டிக்கியில் வைத்துப் பாருங்கள். லிட்டர் கணக்கை நம்ப வேண்டாம். டிக்கி 300 லிட்டர் என்று காகிதத்தில் போட்டிருந்தாலும் அதன் வாய் குறுகலாக இருந்தால் பெட்டி நுழையாது. நுழைந்தாலும் கதவு சாத்தாது. அட்டைப்பெட்டி பொய் சொல்லாது.

இனி ரகங்களுக்கு வருவோம். சந்தையில் கிடைப்பவற்றை நான்காகப் பிரித்துக்கொள்ளலாம். 16 அங்குலச் சக்கரத்தில் லண்டன் பிராம்ப்டனும் அதைப் பார்த்துச் செய்தவையும். 20 அங்குலத்தில் டாஹோன், டெர்ன், டெக்கத்லான் கடையில் கிடைக்கும் பி’ட்வின் என்று ஒரு பெரிய குடும்பம். 26 அங்குலத்தில் நடுவில் கீல் வைத்த, பார்க்க மலைச் சைக்கிள் மாதிரி இருக்கும் மலிவு வண்டிகள். நான்காவது, புனே நிறுவனமான இ-மோட்டோராடின் டூடுல் போல நான்கு அங்குலத் தடிமன் டயர் போட்டு மோட்டார் பொருத்திய மடக்கு வண்டி.

26 அங்குலத்தை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். மடங்கின பிறகும் அது பாதி காரை அடைத்துக்கொள்ளும். மடங்குகிறது என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

பிராம்ப்டன் அழகான பொருள், அதில் சந்தேகமே இல்லை. ஆண்ட்ரூ ரிச்சி என்ற இன்ஜினியர் 1970-களின் நடுவில் லண்டனில் தன் வீட்டு ஜன்னலுக்கு எதிரே தெரிந்த பிராம்ப்டன் தேவாலயத்தின் பெயரையே வண்டிக்கு வைத்தார். பின்சக்கரம் ஃப்ரேமுக்கு அடியில் சுருண்டுபோகும், முன்சக்கரம் பக்கவாட்டில் மடங்கும், செயின் நடுவில் ஒளிந்துகொள்ளும். மடக்கினால் 58.5 சென்டிமீட்டர், 56.5, 27. எடை பெரும்பாலும் 11, 12 கிலோ. ஆலையில் கூட வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போனபோது வாங்கிவந்ததை இரவல் கேட்டு ஓட்டினேன். அனுமந்தபுரம் ரோட்டில் காலை ஆறு மணிக்கு அதை மிதிக்கிற சுகத்தை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஹேண்டில் லேசாகத் திரும்புகிறது, ஃப்ரேம் கிரீச்சிடவில்லை, மேடு வந்தால் கியர் சுணங்காமல் மாறுகிறது.

ஆனால் முகாமுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். விலை ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும் என்பது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி டயரில் இருக்கிறது.

சைக்கிள் டயரின் பக்கவாட்டில் ரப்பரிலேயே அச்சடித்த எண் ஒன்று இருக்கும். 47-406 என்றோ 37-349 என்றோ. முதல் எண் டயரின் அகலம், இரண்டாவது அது உட்காரும் ரிம்மின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். அங்குலக் கணக்கு வெறும் பெயர்தான், டயர் பொருந்துமா இல்லையா என்பதைச் சொல்வது இந்த மில்லிமீட்டர்தான். பிராம்ப்டனின் 16 அங்குலம் 349. நம் ஊர்ச் சின்னப் பிள்ளைகள் ஓட்டுகிற 16 அங்குலம் 305. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், நடுவில் 44 மில்லிமீட்டர் வித்தியாசம். ஒன்றின் டயர் இன்னொன்றில் ஏறவே ஏறாது. 20 அங்குலத்திலும் இதே வம்பு உண்டு: பெரும்பாலானவை 406, வேகத்துக்காக மெல்லிய டயர் போட்ட சில மாடல்கள் 451.

நண்பரின் வண்டியைத் திருப்பிக் கொடுக்கிற வழியில், கடைத்தெருவில் பல காலமாகப் பஞ்சர் ஒட்டும் அண்ணனிடம் நிறுத்தி, “இந்த அளவு ட்யூப் இருக்குமாண்ணே?” என்று கேட்டேன். குனிந்து எண்ணைப் பார்த்தார். எழுந்து என்னைப் பார்த்தார். “சார், இதுக்கு நீங்க மெட்ராஸ்தான் போகணும். அங்கயும் ஆர்டர் போட்டுத்தான் வரும்.” அப்படியானால் 20-க்கு 1.75 அங்குலம், அதாவது 406 ரிம்முக்கு? பேச்சை முடிக்க விடாமல் தலைக்கு மேலே தொங்கிய கொத்தைக் காட்டினார். “அது பசங்க சைக்கிள் சைஸு. பள்ளிக்கூடம் திறந்துட்டா தினம் ரெண்டு போகும்.”

எனக்கு அந்த இடத்தில் முடிவு கிடைத்துவிட்டது. 406 ரிம் என்றால் தமிழ்நாட்டில் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிற எந்த ஊரிலும் டயரும் ட்யூபும் கிடைக்கும். அச்சிறுப்பாக்கத்திலும் கிடைக்கும், ஜமுனாமரத்தூரிலும் கிடைக்கும். வெளிநாட்டு விமர்சனங்களில் இந்த விஷயமே வராது, ஏனென்றால் அங்கே ட்யூப் தபாலில் வந்துவிடுகிறது. நமக்கோ முகாம் போடும் இடம் எப்போதும் ஏதோவோர் ஏரிக்கரை. செங்கல்பட்டு மாவட்டத்து ஏரிக்கரை என்றால் சீமைக் கருவேலம். அதன் முள் விரல் நீளத்துக்கு இருக்கும், காய்ந்தால் ஆணிதான். மெல்லிய டயர் அதற்கு முன் காகிதம். ஆகவே 1.75 அல்லது அதற்கு மேல் அகலமான டயர், உள்ளே முள் ஏறாமல் தடுக்கும் பட்டை, கையில் கூடுதலாக ஒரு ட்யூப். வால்வு கார், பைக்கில் இருப்பதுபோலத் தடித்த மூக்கு உள்ளதாக இருக்கட்டும். பெட்ரோல் பங்கிலேயே காற்றடித்துக்கொள்ளலாம். ஒல்லி மூக்கு வால்வு என்றால் அதற்கென்று தனி பம்பையோ மாற்று மூக்கையோ தூக்கிக்கொண்டு அலைய வேண்டும்.

பின்சக்கரத்தைக் கழற்றிக் காட்டுங்கள் என்று கடையில் கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள். வெளியே தொங்கும் சாதாரண டெரெய்லர் கியர் என்றால் ஒரு ஸ்பானர் போதும். அச்சுக்குள்ளேயே கியர் மறைந்திருக்கும் ரகத்தில் கம்பியைக் கழற்றி, சக்கரத்தை எடுத்து, மாட்டும்போது மறுபடி கம்பியின் இழுப்பைச் சரிசெய்ய வேண்டும். வீட்டு வாசலில் அது பொழுதுபோக்கு. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு செய்கிற வேலை அல்ல.

இப்போது கீல்.

மடக்கு சைக்கிளில் முக்கியமான கீல் இரண்டு. ஃப்ரேமின் நடுவில் ஒன்று, ஹேண்டில் கம்பத்தின் அடியில் ஒன்று. சாதாரண சைக்கிளில் ஒரே குழாயாகப் போகும் பளு இங்கே இரண்டு தட்டுகளாகப் பிரிந்து, ஒரு லிவரின் பிடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பள்ளத்தில் இறங்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அந்தத் தட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகப் பார்க்கும். லிவர் அதற்கு இடம் கொடுக்கக்கூடாது. நல்ல லிவரை மூடும்போது பாதி வழி வரை சும்மா வரும், பாதிக்கு மேல் இறுகும், கடைசியில் உள்ளங்கையை வைத்து அழுத்தினால்தான் உட்காரும். ஒரு விரலால் மூட முடிகிறது என்றால் அது சௌகரியம் அல்ல, தளர்வு. கூடவே, லிவர் தானாகத் திறந்துவிடாமல் இருக்க இரண்டாவதாக ஒரு சின்னப் பூட்டு இருக்க வேண்டும். அது இல்லாத வண்டியைத் தொடவே வேண்டாம்.

ஷோரூமில் நான் செய்கிற சோதனை இது. வண்டியை விரித்து, லிவரை மூடி, முன் பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆட்டுவேன். இன்னொரு கையின் ஆள்காட்டி விரல் கீலின் இரண்டு தட்டுகளும் சேரும் கோட்டின் மேல் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அசைவு விரலுக்குத் தெரியும். பிறகு முன்சக்கரத்தை நாலு விரல்கடை தூக்கி விடுவேன். ‘தொப்’ என்ற சத்தம் மட்டும் கேட்க வேண்டும். கூடவே ‘டக்’ என்று ஒன்று கேட்டால் எங்கேயோ ஆட்டம் இருக்கிறது. ஹேண்டில் கம்பத்துக்கும் இதே வைத்தியம்தான். அது உயரமான கம்பம் என்பதால் அடியில் மயிரிழை தளர்ந்தாலும் மேலே கைப்பிடியில் பெரிதாகத் தெரியும்.

ஒருமுறை கடைக்கு ஃபீலர் கேஜையும் கொண்டுபோனேன். தகடுகள் விசிறிபோல விரியுமே, இடைவெளி பார்க்கிற அந்தக் கருவிதான். பெயர் வேண்டாம், வலைத்தளங்களில் நல்ல மதிப்பெண் வாங்கிய 20 அங்குல வண்டி ஒன்று. லிவர் மூடிய நிலையில் கீலின் மேல்விளிம்பில் 0.2 மில்லிமீட்டர் தகடு வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. கீழ்விளிம்பில் 0.05 தகடுகூட நுழையவில்லை. அதாவது தட்டுகள் இரண்டும் இணையாக உட்காரவில்லை. வெல்டிங் சூட்டில் குழாய் கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருக்கிறது, அதற்குப் பிறகு யாரும் தட்டின் முகத்தைச் சீராக்கவில்லை. எங்கள் ஆலையில் இது கழித்துப்போடும் சிவப்புப் பெட்டிக்குப் போகிற பாகம். கடைக்காரப் பையன், “ஓட்ட ஓட்ட செட்டாயிடும் சார்” என்றான். கீல் செட் ஆகாது. தேயும்.

புது வண்டியில் லிவர் நாளாவட்டத்தில் கொஞ்சம் தளர்வது இயல்பு, அதற்குப் பதற வேண்டாம். பெரும்பாலான லிவர்களில் உள்ளே ஒரு போல்ட்டும் அதைப் பிடித்திருக்கும் பூட்டு நட்டும் இருக்கும். நட்டைத் தளர்த்தி போல்ட்டை எட்டில் ஒரு பங்கு சுற்று மட்டும் திருப்பி மறுபடி மூடிப் பாருங்கள். ஒரேயடியாக அரைச் சுற்று திருப்பினால் லிவர் மூடவே மூடாது, பலவந்தமாக மூடினால் லிவரே முறியும். மணலில் புரண்டு வந்த வண்டியின் கீலில் எண்ணெய் ஊற்றாதீர்கள். எண்ணெயும் மணலும் சேர்ந்தால் அது அரைத்துக்கொண்டே இருக்கும். பழைய துணியால் துடைத்தாலே போதும்.

ராணுவம்கூட இந்தக் கீலோடு மல்லுக்கட்டியிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பாராசூட் படைக்காக பிர்மிங்காமின் பிஎஸ்ஏ நிறுவனம் மடக்கு சைக்கிள் செய்தது. நடுவில் ஒற்றைக் கீலை நம்பாமல் இரட்டைக் குழாய்களை வளைத்து, மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு கீல்களை வைத்தார்கள். இறுக்குவதற்குக் கையால் திருகும் இறக்கை நட்டுகள். 1944-ல் நார்மண்டியில் கரையிறங்கிய வீரர்கள் இந்த வண்டியைத் தோளில் சுமந்து இறங்கியிருக்கிறார்கள். அதே பிஎஸ்ஏ பெயரை நம் நாட்டில் சைக்கிளில் ஒட்டி விற்பது 1949-ல் முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து அம்பத்தூரில் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ். பிஎஸ்ஏ எஸ்எல்ஆர் ஓட்டி வளர்ந்த தலைமுறைக்கு அந்தப் பெயரில் பாராசூட்டில் குதித்த சைக்கிள் ஒன்று இருந்தது தெரியாது.

எடைக்கு வருகிறேன். 20 அங்குல வண்டிகள் பெரும்பாலும் 12 முதல் 15 கிலோவுக்குள் அடங்கும். அலுமினியம் என்றால் கொஞ்சம் குறையும், இரும்பு என்றால் கூடும். இந்த இரண்டு மூன்று கிலோ வித்தியாசத்துக்காக ஐயாயிரம் பத்தாயிரம் கூடக் கொடுக்கலாமா? மூன்றாவது மாடியில் லிஃப்ட் இல்லாத வீடு என்றால் கொடுங்கள். கார் நிற்கும் இடத்திலேயே வண்டியும் நிற்கும் என்றால் வேண்டாம். இரும்பு ஃப்ரேமில் விரிசல் விட்டால் கிராமத்து வெல்டிங் பட்டறையில்கூடத் தற்காலிகமாக ஒட்டிக்கொண்டு வீடு வந்து சேரலாம். அலுமினியத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

தடி டயர் மோட்டார் வண்டியின் பிரச்சினை எடையேதான். பேட்டரியோடு 25 கிலோவுக்கு மேல் போகும். அரிசிக் கடையில் விற்கும் சிப்பத்தைத் தரையிலிருந்து தூக்கி டிக்கி விளிம்பைத் தாண்டி உள்ளே வைத்துப் பாருங்கள், அதுதான் இது. (25 கிலோ வரை பொட்டலமிட்ட அரிசிக்கு 2022 ஜூலையில் வரி வந்த பிறகு அந்தச் சிப்பமும் 26 கிலோவாகிவிட்டது என்பது தனிக்கதை.) அரிசிச் சிப்பத்துக்காவது பிடிக்க நான்கு மூலை இருக்கிறது. இந்த வண்டியில் கையை எங்கே வைத்தாலும் பெடல் ஒன்று முழங்காலைத் தேடி வந்து இடிக்கும். என் மனைவி ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு, “இத நீங்களே வச்சுக்குங்க, எனக்குப் பழசே போதும்” என்றாள். வீட்டில் ஒருவரால் தூக்க முடியாத வண்டி குடும்ப வண்டி ஆகாது.

அதற்காக அதை மட்டம்தட்டவும் முடியாது. பாலாற்று மணலில் 1.75 டயர் புதைந்து நிற்கும் இடத்தில் நான்கு அங்குல டயர் அலட்டிக்கொள்ளாமல் போகும். 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்ட மோட்டார் என்றால் சட்டப்படி அது மோட்டார் வாகனமே அல்ல: பதிவு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம். முழங்கால் வலிக்காரர்களுக்கு இதுதான் வண்டி. வாங்குவதாக இருந்தால் பேட்டரி தனியாகக் கழன்று வருகிறதா என்று மட்டும் பாருங்கள். கழற்றிவிட்டால் தூக்கும் எடையும் குறையும், தங்கும் இடத்து வராந்தாவில் பேட்டரிக்கு மட்டும் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம்.

கியர் எத்தனை வேண்டும் என்பது எங்கே கூடாரம் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கத்து ஏரிகள் என்றால் கியரே இல்லாத வண்டி போதும். மிச்சமாகும் பணத்தில் நல்ல பாய் வாங்கலாம். ஏலகிரி, ஜவ்வாது மலை என்றால் அப்படி இல்லை. 20 அங்குல ஏழு கியர் வண்டிகளில் முன்னால் 52 பல், பின்னால் 14 முதல் 28 பல் வரை என்பது அடிக்கடி காணும் அமைப்பு. சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், பெடலை ஒரு சுற்று மிதித்தால் வேகமான கியரில் 5.6 மீட்டர் போகும், இலகுவான கியரில் 2.8 மீட்டர். சமதளத்துக்கும் பாலம் ஏறுவதற்கும் இது தாராளம். மலைச்சாலைக்குப் பத்தாது. 2 மீட்டருக்குக் கீழே இறங்கினால்தான் மூச்சு விட்டுக்கொண்டே ஏறலாம்.

ஏலகிரிக்கு இங்கிருந்து காஞ்சிபுரம், வேலூர், வாணியம்பாடி வழியாக ஏறத்தாழ 200 கிலோமீட்டர். புலவர்கள், வள்ளல்கள் பெயர் வைத்த பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் மடக்கு சைக்கிளில் ஏறிக் காட்டுகிறேன் என்று சபதம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வாழ்த்துகள். என் கட்சி வேறு: காரில் ஏறுங்கள், மேலே போய் வண்டியை விரியுங்கள். அத்தனாவூரிலிருந்து புங்கனூர் ஏரியைச் சுற்றி, நிலாவூர் பக்கம் போய்த் திரும்புவதற்கு ஏழு கியரே அதிகம்.

மலையிலிருந்து சைக்கிளில் இறங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். சின்னச் சக்கரத்துக்கு அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால், சூட்டை வாங்கிக்கொள்ள அந்த ரிம்மில் உலோகம் குறைவு. பெரிய சக்கரத்தைவிடச் சீக்கிரம் கொதித்துவிடும். பிரேக்கைப் பிடித்தபடியே இறங்காமல், விட்டு விட்டுப் பிடித்து, வளைவுக்கு வளைவு நின்று ரிம் ஆறிய பிறகு இறங்க வேண்டும். தொட்டுப் பார்க்கிறேன் என்று விரலைச் சுட்டுக்கொள்ளாதீர்கள். பள்ளங்களிலும் சின்னச் சக்கரம் பெரியதைப்போல உருண்டு கடக்காது, உள்ளே விழுந்து எழும். ஒரகடம் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் உழுதுவிட்டுப் போன ஓரத்தில் ஓட்டிப் பார்த்தால் இது உடனே புரியும். அந்த ரோட்டில் சோதனை ஓட்டம் வேண்டாம் என்பது வேறு விஷயம்.

சுமை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டாஹோன் வண்டிகள் பலவற்றில் ஓட்டுபவர் எடைக்கு 105 கிலோ வரம்பு போட்டிருக்கிறார்கள். பிராம்ப்டனில் ஆளும் மூட்டையும் சேர்த்து 110. உங்கள் வண்டியின் வரம்பைக் கையேட்டில் பார்த்து, உங்கள் எடையைக் கழித்துவிட்டு, மீதிக்குத்தான் மூட்டை. பின் கேரியர் தாழ்வாக இருப்பதால் இரண்டு பக்கமும் பை தொங்கவிட்டால் குதிகால் இடிக்கும், கேரியரின் மேலேயே கட்டுவது நல்லது. சீட் கம்பத்தில் ‘இதற்கு மேல் தூக்காதே’ என்று ஒரு கோடு இருக்கும், உயரமானவர்கள் அதைத் தாண்ட ஆசைப்படுவார்கள். தாண்டினால் கம்பமும் போகும், ஃப்ரேமும் போகும்.

ரயிலில் கொண்டுபோகலாமா என்று பலர் கேட்கிறார்கள். நம் ரயில்வேயில் கையோடு எடுத்துச்செல்லும் பெட்டிக்கு 100, 60, 25 சென்டிமீட்டர் என்று ஓர் அளவு இருக்கிறது. பிராம்ப்டனே 27. இலவச லக்கேஜ் சலுகை சைக்கிளுக்குக் கிடையாது என்பதும் விதியில் இருக்கிறது. கூட்டமில்லாத நேரத்தில் உறைபோட்டு மூடிக் கொண்டுபோகிறவர்களைச் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலேயே பார்க்கலாம். அது டிக்கெட் பரிசோதகரின் மனநிலையை நம்பிப் போகிற பயணம். காலை எட்டு மணி மின்சார ரயிலில் மட்டும் முயலாதீர்கள். ஆளே மடங்கித்தான் நிற்க வேண்டும்.

காரில் அடுக்குவதற்கும் ஒரு முறை உண்டு. செயின் பக்கம் மேலே இருக்கும்படி படுக்கவைக்க வேண்டும். கீழே இருந்தால் கியர் தொங்கும் கொக்கி வளைந்துவிடும், அப்புறம் எந்தக் கியரிலும் வண்டி நிற்காது. இரண்டு சக்கரமும் ஒட்டியிருக்கக் காந்தம் வைத்திருப்பார்கள், நம் ரோட்டுக்கு அது தாங்காது. பழைய வேட்டியைக் கிழித்து ஒரு கட்டுப் போடுங்கள். மிச்சமிருக்கும் துணி செயின் கிரீஸ் கூடாரத்தில் படாமல் இருக்க உதவும்.

ஆகவே, நான் யாருக்கு எதைச் சொல்வேன்? குடும்பத்தோடு காரில் போய் முகாம் போடுகிறவர்களுக்கு 20 அங்குலம், 406 ரிம், வெளியே தொங்கும் ஆறோ ஏழோ கியர், விரலுக்கு ஆட்டம் தெரியாத கீல். ஃப்ரேம் இரும்பா அலுமினியமா என்பதை மாடிப்படி தீர்மானிக்கட்டும். எந்த பிராண்டு என்பது இதற்கெல்லாம் அப்புறம். ஒரே பிராண்டில் ஒரே மாடலில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு வண்டிகளில் ஒன்றின் கீல் சரியாக உட்காரும், மற்றது உட்காராது. உட்காருகிற வண்டியைத்தான் பில் போடச் சொல்ல வேண்டும், பெட்டிக்குள்ளிருந்து வேறொன்றை எடுத்துத் தருகிறேன் என்றால் அதையும் விரித்துப் பார்த்துவிட்டுத்தான் பணம். தனியாக, ஒரு பையும் சின்னக் கூடாரமுமாக பஸ் மாறிப் போகிறவர், பணமும் இருக்கிறது, ட்யூபையும் வீட்டில் சேர்த்து வைத்துக்கொள்வார் என்றால் பிராம்ப்டன் வகையைப் பார்க்கலாம். மணலும் முழங்கால் வலியும் சேர்ந்தால் தடி டயர் மோட்டார்.

புதிதுக்குப் பட்ஜெட் இல்லையென்றால் பழைய வண்டிகள் நிறையவே விற்பனைக்கு வருகின்றன. ஊரடங்குக் காலத்தில் ஆசைப்பட்டு வாங்கி, பால்கனியில் துணி காயப்போட்டவர்களின் வண்டிகள். ஓடாத வண்டி என்பதால் டயர் காய்ந்து வெடித்திருக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம், இரண்டையும் மாற்றிவிடலாம். கீலுக்கு இரண்டு பக்கமும் வெல்டிங் ஓரத்தில் பெயின்ட்டை மட்டும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். தலைமுடி மாதிரி ஒரு கோடு தெரிந்தால் நகத்தால் கீறிப் பாருங்கள். நகம் தட்டினால் அது பெயின்ட் வெடிப்பாக இருக்கலாம், உலோக விரிசலாகவும் இருக்கலாம். எது என்று கண்டுபிடிக்கும் வேலையை விற்பவரிடமே விட்டுவிட்டு, அடுத்த விளம்பரத்துக்குப் போன் போடுங்கள்.